கேள்வி பதில்: உங்கள் ட்ரோனுக்கு எந்தப் பற்றரி?

ட்ரோன் பற்றிய கேள்விகள் கொஞ்ச நாளாகக் குவிந்து கிடந்தன. பிரித்துப் பார்த்தால் அநேகமானவை பற்றரியில்தான் வந்து நிற்கின்றன, அதிலும் எவ்வளவு கரண்ட் தரமுடியும் என்று காட்ட லேபிளில் எழுதும் அந்தச் ‘சி’ எண்ணில். அதனால் இந்த முறை இடம் முழுக்க அதற்கே. மோட்டார், கமெரா பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து 450 அளவுச் சட்டத்தில் (மூலைக்கு மூலை 450 மில்லிமீற்றர்) ட்ரோன் ஒன்று கட்டுகிறோம். 920 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 920 சுற்று) மோட்டார் நான்கு, 30 அம்பியர் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று) நான்கு, 10 அங்குல புரொப்பெல்லர். 3எஸ் (மூன்று கலம் தொடராக) 5000 எம்ஏஎச் (மில்லி அம்பியர் மணி) லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று 25சி, 350 கிராம். மற்றது 60சி, 430 கிராம், விலையும் கூட. நான்கு ஈஎஸ்சிக்கும் 120 அம்பியர் வேண்டும், 25சி மட்டுமட்டாகத்தான் வரும், 60சி வாங்குவோம் என்கிறான் நண்பன். எதை வாங்குவது?

பதில்: தம்பி, 25சி போதும். நண்பரின் பெருக்கல் சரி, பெருக்க எடுத்த எண்தான் பிழை. ஈஎஸ்சியில் எழுதியிருக்கும் 30 அம்பியர், அது தாங்கக்கூடிய உச்சம். உங்கள் மோட்டார் அவ்வளவையும் இழுக்கப்போகிறது என்று அதற்கு அர்த்தமில்லை. 920 கேவி மோட்டாரில் 10 அங்குல புரொப்பெல்லர் போட்டு 3எஸ்ஸில் முழு வேகம் கொடுத்தாலும் ஒரு மோட்டார் 15 அம்பியருக்குக் கிட்டத்தான் இழுக்கும். நான்கும் சேர்த்து 60. அதுவும் நீங்கள் றிமோட்டின் குச்சியை மேலே முட்டத் தள்ளி வைத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான். சும்மா ஒரே இடத்தில் மிதந்து நிற்க, மொத்த எடை 1.3 கிலோ அளவில் இருந்தால், 15 அம்பியர் வரை போகும்.

இப்போது ‘சி’ எண்ணுக்கு வருவோம். பற்றரியின் கொள்ளளவை அம்பியர் மணியில் எடுத்து சி எண்ணால் பெருக்கினால், அந்தப் பற்றரி தொடர்ந்து தரும் என்று தயாரிப்பாளர் சொல்லும் மின்னோட்டம் வரும். 5000 எம்ஏஎச் என்றால் 5 அம்பியர் மணி, 25ஆல் பெருக்கினால் 125 அம்பியர். லேபிளை அப்படியே நம்ப வேண்டாம், பாதியைக் கணக்கில் எடுங்கள், 62 வரும். உங்கள் உச்சத் தேவையே 60 தான். பிறகு எதற்கு 80 கிராம் கூடச் சுமந்துகொண்டு பறக்க வேண்டும்? மிதந்து நிற்கும் ட்ரோனுக்கு ஒவ்வொரு கிராமையும் ஒவ்வொரு விநாடியும் தூக்கிப்பிடிப்பதுதான் வேலை, எடை கூடக் கூடப் பறக்கும் நேரம் குறையும். 5000 எம்ஏஎச்சில் 80 வீதம், அதாவது 4 அம்பியர் மணி பாவிக்கலாம் என்று வைத்து 15 அம்பியரால் வகுத்தால் 16 நிமிடம் வருகிறது. வெளியில் காற்றோடு 12, 13 நிமிடம் கிடைத்தால் நல்ல கட்டுமானம் என்று சந்தோஷப்படுங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கிப் போடுங்கள். யூலை, ஆகஸ்டில் கிளிநொச்சிப் பக்கம் வெளியில் ட்ரோனை நிறுத்திப் பார்த்தாலே விளங்கும், நின்ற இடத்தில் நிற்பதற்கே அது காற்றுக்குள் சரிந்துகொண்டு நிற்கும், மோட்டார்களின் சத்தம் மாறும், கரண்ட் ஏறும்.

கேள்வி: வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். 5 அங்குல புரொப்பெல்லர் போட்ட எஃப்பிவி ட்ரோன் (கண்ணில் மாட்டும் திரைக் கண்ணாடியில் பார்த்துப் பறப்பது), 4எஸ் 1500 எம்ஏஎச். முதலில் 100சி என்று எழுதிய பற்றரி பாவித்தேன். பிறகு விலை குறைவாக 150சி ஒன்று கிடைத்தது, அதையும் வாங்கினேன். ஆனால் 150சி பற்றரியில் இரண்டு நிமிடத்திலேயே, வேகமாக மேலே ஏற்றும்போதெல்லாம் கண்ணாடியில் ‘லோ பற்றரி’ வருகிறது. குச்சியைக் கீழே விட்டால் எச்சரிக்கை போய்விடுகிறது. ட்ரோனில் பிழையா, பற்றரியிலா?

பதில்: பற்றரியில். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மெத்தச் சந்தோஷம், ஏனென்றால் லேபிள் எண்ணை வைத்துப் பற்றரி வாங்குபவர்கள் எல்லாரும் ஒருநாள் வந்து முட்டுகிற இடம் இதுதான்.

முதலில் அந்த 150சியை நிதானமாகப் பாருங்கள். 1சி என்றால் முழுப் பற்றரியும் ஒரு மணித்தியாலத்தில் தீரும் வேகம். 150சி என்றால் 3600 விநாடியை 150ஆல் வகுக்க வேண்டும், 24 விநாடி. அதாவது நிரம்பிய பற்றரியை 24 விநாடியில் காலி செய்தாலும் தாங்கும் என்று அந்த லேபிள் சொல்கிறது. அம்பியரில் சொன்னால் 225. அந்தப் பற்றரியின் நுனியில் இருக்கும் மஞ்சள் இணைப்பு எக்ஸ்டி60 தானே? அதற்குச் சொல்லப்படும் அளவே 60 அம்பியர்தான். 225 அம்பியரைத் தொடர்ந்து எடுத்தால் இணைப்பு உருகும், வயரின் உறை உருகும், பற்றரி அதற்கு முன்னமே ஊதிவிடும். சி எண்ணை எப்படி அளந்து எழுத வேண்டும் என்று எல்லாத் தயாரிப்பாளரையும் கட்டுப்படுத்தும் ஒரே விதி கிடையாது. அதனால் சந்தையில் ஒருவர் 100 போட்டால் அடுத்தவர் 120 போடுகிறார், மூன்றாமவர் 150 போடுகிறார். ‘பேர்ஸ்ட்’ என்று இன்னொரு பெரிய எண்ணும் சில லேபிள்களில் இருக்கும், அது சில விநாடிக்கு மட்டும் சொல்லப்படுவது, அதை வைத்து எதையும் தெரிவு செய்யாதீர்கள்.

உண்மையைச் சொல்வது அகத்தடை, அதாவது பற்றரிக்குள்ளேயே கரண்டுக்கு இருக்கும் தடை. உயர்தரத்தில் படித்தது ஞாபகம் இருக்கும், மின்னோட்டம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குப் பற்றரிக்குள்ளேயே மின்னழுத்தம் (வோல்ட்) இழக்கப்படும். நல்ல பற்றரி ஒன்றில் கலத்துக்கு 5 மில்லி ஓம் என்று வைப்போம். 100 அம்பியர் இழுத்தால் ஒவ்வொரு கலத்திலும் அரை வோல்ட் விழும். கலம் ஓய்வில் 3.9 வோல்ட் என்றால் குச்சியைத் தள்ளும்போது 3.4 ஆகும். சரி, அதோடு பறக்கலாம். மட்டமான பற்றரியில் கலத்துக்கு 10 மில்லி ஓம் இருந்தால் அதே 100 அம்பியருக்கு ஒரு முழு வோல்ட் விழும், 3.9 என்பது 2.9 ஆகும். ட்ரோனுக்குள் ஓடும் பீட்டாஃப்ளைட் மென்பொருளில் எச்சரிக்கை, நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால், கலத்துக்கு 3.5 வோல்ட்டில் வரும், 3.3இல் அவசர எச்சரிக்கை. உங்கள் கண்ணாடியில் வந்து போவது அதுதான். குச்சியை விட்டதும் மின்னோட்டம் குறைகிறது, அழுத்தம் திரும்ப ஏறுகிறது, எச்சரிக்கை மறைகிறது. பற்றரி தீரவில்லை, கேட்ட வேகத்துக்குக் கொடுக்க அதனால் முடியவில்லை.

விழுந்த அந்த வோல்ட் எல்லாம் சூடாகத்தான் போகிறது. கலத்துக்கு 5 மில்லி ஓம் உள்ள நல்ல 4எஸ் பற்றரியிலேயே லேபிள் சொல்லும் 225 அம்பியரை எடுத்தால் உள்ளே பிறக்கும் வெப்பம் 1000 வாட் வரும். உடுப்பு அழுத்தும் மின்னழுத்தி ஒன்றின் சூடு முழுவதும் உள்ளங்கை அளவு பைக்குள். எந்தப் பற்றரி அதைத் தாங்கும்?

சரி, கடையில் நின்றுகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? தராசில் வையுங்கள். அதிக மின்னோட்டம் தரவேண்டிய பற்றரிக்குள் செப்பு, அலுமினியத் தகடுகள் கூடுதலாக இருக்க வேண்டும், அதனால் ஒரே கொள்ளளவில் உண்மையாகவே சி கூடிய பற்றரி கொஞ்சம் பாரமாகத்தான் இருக்கும். நல்ல 4எஸ் 1500 ஒன்று 170 கிராமுக்கு மேல் நிற்கும். 150சி என்று எழுதிவிட்டு 145 கிராம் காட்டினால் லேபிளையும் நம்பாதீர்கள், 1500 என்ற எண்ணையும் நம்பாதீர்கள். வயரையும் பாருங்கள். உடம்பில் பெரிய எண்ணை அச்சடித்துவிட்டு மெல்லிய வயரோடு வரும் பற்றரியைத் தயாரித்தவருக்கே தன் எண்ணில் நம்பிக்கை இல்லை.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு, கலங்களைச் சமமாக ஏற்றும் பலன்ஸ் சார்ஜரில் கலத்துக்குக் கலம் அகத்தடை காட்டும் வசதி இருந்தால் முதல் நாளே முழுக்க ஏற்றி அளந்து, பற்றரியின் மேலேயே பேனாவால் திகதியோடு எழுதி வையுங்கள். ஒரு விஷயம், பற்றரி சூடாக இருந்தால் அகத்தடை குறைவாகக் காட்டும். குளிர்நாட்டில் இருப்பவர் வீடியோவில் காட்டும் எண்ணும் வன்னி வெயிலில் நீங்கள் எடுக்கும் எண்ணும் ஒத்துவராது, உங்கள் எண் நல்லதாகத் தெரியும். அதை வைத்து ஏமாறாமல், உங்கள் பற்றரிகளையே ஒன்றோடொன்று, ஒரே நேரத்தில், ஒரே சார்ஜரில் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு கலம் மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு காட்டினால் அந்தப் பற்றரியை வேகப் பறப்புக்கு எடுக்க வேண்டாம்.

அந்த 150சி பற்றரியை எறியத் தேவையில்லை. மெதுவாகப் பறந்து பழக, தரையில் அமைப்புகளைச் சரிபார்க்க, கண்ணாடிக்குக் கரண்ட் கொடுக்க, எல்லாவற்றுக்கும் உதவும்.

கேள்வி: சி எண் கூடிய பற்றரி போட்டால் மோட்டார் எரிந்துவிடும் என்கிறார்கள். உண்மையா? (மாங்குளம்)

பதில்: இல்லை. மோட்டார் தனக்குத் தேவையானதைத்தான் இழுக்கும், பற்றரி அதற்குள் கரண்டைத் தள்ளிவிடாது. எரிப்பது எஸ் எண். 3எஸ்ஸுக்குக் கட்டிய ட்ரோனில் 4எஸ் மாட்டினால் வோல்ட் கூடும், மோட்டார் வேகமாகச் சுழலும், கரண்டும் ஏறும், ஈஎஸ்சியோ மோட்டாரோ போகும்.

கேள்வி: நான் மல்லாவி. பழைய மடிக்கணினிப் பற்றரிகளை உடைத்து எடுத்த 18650 கலங்கள் (உருளை வடிவ லித்தியம் அயன் கலம்) நிறைய வைத்திருக்கிறேன். ஆறைச் சேர்த்து 3எஸ் 2பி (இரண்டிரண்டாகச் சமாந்தரம், அப்படி மூன்று தொடராக) ஆகக் கட்டி 450 ட்ரோனுக்குப் போட நினைக்கிறேன். செலவு இல்லை, கொள்ளளவும் கூட. செய்யலாமா?

பதில்: தம்பி, உங்கள் யோசனை நல்லது, கலம்தான் சரியில்லை. மடிக்கணினிக்குள் வரும் கலங்கள் ஆறுதலாக மணிக்கணக்கில் கரண்ட் கொடுக்கச் செய்யப்பட்டவை, அநேகமானவற்றின் அளவு 2சி, கலத்துக்கு 5 அம்பியர் மட்டில். இரண்டைச் சமாந்தரமாகப் போட்டால் 10. முதல் கேள்விக்குச் சொன்னேன், 450 ட்ரோன் மிதந்து நிற்கவே 15 அம்பியர். தரையை விட்டு எழும்பும்போதே அழுத்தம் படுத்துவிடும், பழைய கலம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் கலங்களை றேடியோவுக்கோ வயலில் கொண்டுபோகும் விளக்குக்கோ, பாதுகாப்புச் சுற்று ஒன்றோடு பாவியுங்கள்.

ஆனால் லித்தியம் அயன் ட்ரோனுக்கே ஆகாது என்று நினைக்க வேண்டாம். 21700 அளவில் மோலிசெல் பி42ஏ போன்ற கலங்கள் இருக்கின்றன. 4200 எம்ஏஎச், 45 அம்பியர் வரை, ஒன்று 70 கிராம். அதில் ஆறை 3எஸ் 2பி ஆகக் கட்டினால் 8400 எம்ஏஎச், எடை 420 கிராம் சொச்சம். மிதக்கும் 15 அம்பியரை இரண்டாகப் பிரித்தால் கலத்துக்கு ஏழரை, அதற்கு அது விளையாட்டு. ஆறுதலாக வயல், குளக்கட்டு படம் எடுப்பவருக்கு 20 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். குட்டிக்கரணம் போடும் ட்ரோனுக்கு அது வேண்டாம்.

கலத்தின் நுனியில் நேரடியாக ஈயம் வைத்து ஒட்டாதீர்கள், அந்தச் சூடு உள்ளே போய்க் கலத்தைக் கெடுக்கும், நிக்கல் பட்டியை ஸ்பொட் வெல்டிங் செய்துதான் இணைக்க வேண்டும். 18650 கலத்தில் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்து வருவதை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அந்த அளவுக் கலத்தில் நல்ல தயாரிப்புகளே 3500 எம்ஏஎச் அளவில்தான் நிற்கின்றன.

கேள்வி: முல்லைத்தீவில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறேன். கடையில் வாங்கிய மடிக்கும் கமெரா ட்ரோன்தான். அதன் பற்றரியில் சி எண்ணே இல்லை. நான் கவனிக்க வேண்டியது எது?

பதில்: தங்கச்சி, உங்கள் ட்ரோனுக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் பார்த்துத்தான் அந்தப் பற்றரியைச் செய்திருக்கிறார்கள், சியைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. அதே உருவில் மலிவாக வரும் வேறு கொம்பனிப் பற்றரிகளைத் தவிருங்கள், மணவறைக்கு மேலே பறக்கும் சாமானில் பரீட்சை வைக்கக்கூடாது. கடற்கரையில் எடுக்கும்போது போகும் வழியில் காற்று பின்னால் தள்ளினால் திரும்பி வரும் வழியில் அது முகத்தில் அடிக்கும், பாதிப் பற்றரியில் திரும்பலாம் என்று நினைத்தால் கடலுக்குள் விழும். காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்பி வாருங்கள். பற்றரிகளை மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலோ வான் வண்டியின் முன்கண்ணாடிக்குப் பக்கத்திலோ வெயிலில் வைக்காதீர்கள். பதிவும் அனுமதியும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், தொழிலுக்குப் பறப்பதால் கட்டாயம் கையில் இருக்கட்டும்.

கேள்வி: ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். மகன் ட்ரோன் பற்றரியை இரவில் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கிறான். ஒன்று ஊதிப்போய்த் தலையணை மாதிரி இருக்கிறது. அதையும் எறியாமல் லாச்சிக்குள் வைத்திருக்கிறான். பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. மகனிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள்.

தம்பி, படுக்கையறையில் சார்ஜ் போடுவதை இன்றைக்கே நிறுத்து. லிப்போ தீப்பிடித்தால் நீ எழும்பி யோசிக்க நேரம் தராது. சீமெந்துத் தரையில், பக்கத்தில் துணியோ கடுதாசியோ பாயோ இல்லாத இடத்தில், நீ முழித்திருந்து பார்க்கும் நேரத்தில் மட்டும் போடு. 1சி வேகத்தில் ஏற்று, 1500 எம்ஏஎச்சுக்கு 1.5 அம்பியர். பறந்து வந்த பற்றரி கையில் சூடாக இருந்தால் ஆறும் வரை பொறு. அடுத்த சில நாள் பறக்கப் போவதில்லை என்றால் முழுக்க ஏற்றி வைக்காதே, கலத்துக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வை. முழுக்க நிரப்பியபடி இந்த வெக்கையில் கிடந்தால் பறக்காமலே ஊதும்.

ஊதிய பற்றரி முடிந்த பற்றரி, குத்தவோ அமத்தவோ கூடாது, அதற்கு இனிச் சார்ஜும் இல்லை. வெளியே மண் நிரப்பிய வாளி ஒன்றில் வை. 3எஸ் என்றால் ஆட்டோவின் சிக்னல் பல்ப், 12 வோல்ட் 21 வாட், ஒன்றை மாட்டி, வெளியில் வைத்தே அது அணையும் வரை விடு. 4எஸ்ஸுக்கு அதே பல்ப் இரண்டைத் தொடராக மாட்டு. முழுக்க வடிந்த பிறகு வயர் நுனிகளை ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டிய உடனேயே இன்சுலேசன் ரேப் சுற்று. இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கத்தரியே பொறி பறக்கவைக்கும். பிறகு இலத்திரனியல் கழிவு எடுக்கும் இடத்தில் கொடு. அம்மா, வளவுக்குள் குப்பை எரிக்கும்போது இது அதற்குள் போய்விடாமல் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பரந்தனிலிருந்து. எத்தனை வோல்ட்டில் இறக்க வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். (நானும் நண்பர்களும் பளைப் பக்கம், இரணைமடுப் பக்கம் போய்ப் பறப்போம்.)

பதில்: லிப்போ என்றால் பறந்துகொண்டிருக்கும்போது கலத்துக்கு 3.5 வோல்ட் வந்தால் வீட்டுப் பக்கம் திரும்புங்கள், 3எஸ்ஸில் மொத்தம் 10.5 என்று பார்க்காமல் கலத்துக்குக் கலம் பார்க்கும் பழக்கம் நல்லது. இறக்கிச் சில நிமிடம் கழித்து அளந்தால் 3.7க்குக் கிட்ட நிற்க வேண்டும். அப்படி நின்றால் சரியாக இறக்கியிருக்கிறீர்கள். 3 வோல்ட்டுக்குக் கீழே ஒருதரமாவது போனால் அந்தக் கலத்தின் அகத்தடை ஏறிவிடும், பிறகு லேபிளில் என்ன சி இருந்தாலும் பிரயோசனம் இல்லை. ஆர்டுபைலட் என்ற பறப்பு மென்பொருள் பாவித்தால், பற்றரி குறைந்ததும் ட்ரோனைத் தானாகத் திரும்பவோ இறங்கவோ வைக்கும் பற்றரி பெயில்சேஃபைக் கட்டாயம் போட்டு வையுங்கள்.

அடைப்புக்குறிக்குள் எழுதியதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பளைக்கு அங்கால் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த, நடக்கும் நிலம். சிவப்பில் மண்டையோடு போட்ட பலகை இருக்கும் இடத்துக்குக் கிட்டவும் பறக்காதீர்கள். அழுத்தம் படுத்து ட்ரோன் அந்தப் பலகைக்கு அங்கால் விழுந்தால் அதைப் போனதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலடிகூட எடுத்து வைக்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றுபவர்களிடமோ பொலிசிடமோ சொல்லுங்கள், அவர்கள் எடுத்துத் தரமுடிந்தால் தருவார்கள். இரணைமடுவில் குளத்துக்கு மேலே நேராகப் போகாமல் கட்டை ஒட்டிப் பறந்தால், இறக்க வேண்டி வந்தால் தரை கிடைக்கும்.

கேள்வி: புதுக்குடியிருப்பு. அண்ணா கனடாவிலிருந்து வருகிறார். அவரிடம் 4எஸ் 1500 நான்கும் 6எஸ் 5000 இரண்டும் கொண்டுவரச் சொல்லலாமா? தபாலில் அனுப்பச் சொல்வதா?

பதில்: தபாலில் வேண்டாம், தனியாக இருக்கும் லித்தியம் பற்றரியைச் சர்வதேச விமானத் தபாலில் எடுக்க மாட்டார்கள். அண்ணாவே கொண்டுவரலாம், ஆனால் கையில் கொண்டுவரும் பைக்குள் மட்டும். பெரிய பெட்டியில் போட்டுக் கொடுத்தால் விமான நிலையத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள்.

விமானத்தில் பார்ப்பது வாட் மணி, சி எண்ணை யாரும் கேட்க மாட்டார்கள். கலத்துக்கு 3.7 வோல்ட் என்று வைத்து அம்பியர் மணியால் பெருக்குங்கள். 4எஸ் 1500 என்றால் 14.8 தரம் 1.5, 22.2 வாட் மணி. 100க்குக் கீழே இருப்பதால் அனுமதி கேட்கத் தேவையில்லை, எத்தனை கொண்டுவரலாம் என்பதை மட்டும் அந்த விமான நிறுவனத்திடம் கேட்கட்டும். 6எஸ் 5000 என்றால் 22.2 தரம் 5, 111 வாட் மணி. 100க்கும் 160க்கும் இடையில் இருப்பவற்றை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு வரை கொண்டுவரலாம், ரிக்கற் எடுக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கி வைத்தால் வாசலில் நின்று வாதாட வேண்டி வராது. 6எஸ் 4500 எடுத்தால் 99.9 வாட் மணி, அனுமதியே வேண்டாம், பறப்பு நேரத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது, நான் என்றால் அதைத்தான் கேட்பேன். எதுவானாலும் 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி, நுனிகளுக்கு ரேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பைக்குள் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். லேபிளைக் கிழிக்க வேண்டாம், வாட் மணி தெரியாத பற்றரியை உள்ளே விட மாட்டார்கள்.